டெல்டா சேற்றில் வின்ச் ரோப்: ராணுவ லாரி வைத்திருப்பவர்களுக்கான பராமரிப்பு முறை

தை அறுவடை தொடங்கிவிட்டால் வின்ச் (புதைந்த வண்டியை ரோப்பால் இழுக்கும் சுருட்டு இயந்திரம்) பொருத்திய லாரிக்கு ஓய்வு கிடையாது. ஈரம் காயாத சம்பா வயலில் இறங்கி அமிழ்ந்த அறுவடை இயந்திரம், வாய்க்கால் கரை இடிந்து சரிந்த நெல் லாரி, கொள்ளிடம் மணலில் அச்சு வரை புதைந்த டிராக்டர் என்று வரிசையாக அழைப்பு வரும். ராணுவம் கழித்துவிட்ட சக்திமான், ஸ்டாலியன் வண்டிகளை ஏலத்தில் எடுத்து ஓட்டுகிறவர்கள் இன்ஜினையும் கியர்பாக்ஸையும் கண்ணும் கருத்துமாகப் பார்க்கிறார்கள். வின்ச்சின் டிரம்மில் (உருளையில்) சுற்றிக் கிடக்கும் கம்பி ரோப்பை மட்டும் அறுந்த பிறகுதான் திரும்பிப் பார்க்கிறார்கள்.

நம் பகுதியில் ரோப் உள்ளிருந்துதான் சாகிறது. மன்னார்குடி, திருவாரூர்ப் பக்கத்துக் களிமண் மாவு மாதிரி நைஸானது. தண்ணீரோடு கலந்து புரிகளுக்கு (கம்பிகளைச் சேர்த்து முறுக்கிய இழைகள்) இடையே புகுந்து நடுவில் இருக்கும் கோர் வரை போய்விடும். அந்த ஈரத்தோடு அப்படியே டிரம்மில் சுற்றி, மேலே கெட்டியாகக் கிரீஸ் அப்பினால் தண்ணீர் வெளியே வர வழியில்லை. வேதாரண்யம், கோடியக்கரைப் பக்கம் என்றால் உப்புக் காற்றும் சேர்ந்துகொள்ளும். ஆறு மாதம் கழித்துப் பார்த்தால் வெளிக்கம்பி கறுப்பாகப் பளபளவென்று இருக்கும், உள்ளே கம்பிகள் துருப்பிடித்து மெலிந்திருக்கும். கீழே சொல்லும் வேலைகளில் பாதிக்கு மேல் இந்த ஒன்றைத் தடுப்பதற்காகத்தான்.

எந்த ரோப் வாங்குவது

கடையில் "16 எம்எம் ரோப்" என்று மட்டும் கேட்டால் எதையாவது கொடுப்பார்கள். மூன்று விஷயம் சொல்லிக் கேளுங்கள்: கட்டமைப்பு, கோர், கம்பியின் பலம். 6x36 என்றால் 6 புரி, ஒவ்வொரு புரியிலும் சுமார் 36 கம்பி. கம்பி மெல்லியதாக இருப்பதால் சின்ன டிரம்மிலும் வளைந்து கொடுக்கும். 6x19-இல் கம்பி கனம். தரையில் உரசுவதைத் தாங்கும், வளைவதை அவ்வளவாகத் தாங்காது. வின்ச்சுக்கு 6x36 நல்லது.

கோர் விஷயத்தில் சமரசம் வேண்டாம், இரும்புக் கோர்தான் வாங்க வேண்டும். நார்க் கோர் விலை குறைவு, ஆனால் சேற்றுத் தண்ணீரை உறிஞ்சி வைத்துக்கொண்டு வாரக்கணக்கில் காயாமல் கிடக்கும். பல அடுக்காகச் சுற்றும்போது மேல் அடுக்கின் அழுத்தத்தில் நசுங்கவும் செய்யும். பொதுப் பயன்பாட்டு இரும்பு ரோப்புகளுக்கான இந்தியத் தர எண் ஐஎஸ் 2266. அந்தத் தரச் சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள். கம்பியின் பலம் 1770 தரத்தில், இரும்புக் கோர் உள்ள 6x36 ரோப் அறுவதற்குக் குறைந்தது எவ்வளவு இழுவை வேண்டும் என்பது இது: 14 எம்எம் சுமார் 12.6 டன், 16 எம்எம் சுமார் 16.4 டன், 18 எம்எம் சுமார் 20.8 டன். இவை புது ரோப்பின் கணக்கு. வின்ச்சின் முதல் அடுக்கு இழுவையை (ரோப் டிரம்மின் அடி அடுக்கில் மட்டும் இருக்கும்போது இழுக்கும் பலம்) போல் குறைந்தது இரண்டு மடங்காவது இந்த எண் இருக்க வேண்டும். 8 டன் வின்ச்சுக்கு 16 எம்எம் சரியாக இருக்கும்.

கடலோரத்துக்காரர்கள் துத்தநாகப் பூச்சு உள்ளதை வாங்கலாம், கூடுதல் விலைக்குத் தகும். சிந்தெடிக் ரோப் எடை குறைவு, அறுந்தாலும் இரும்பு அளவுக்குச் சாட்டை அடிக்காது. ஆனால் சேற்று மணல் இழைக்குள் புகுந்து உள்ளேயே அறுக்கும், வெயிலும் ஆகாது. வாரம் மூன்று முறை வயலில் புரளும் வண்டிக்கு இரும்பே மேல்.

கழுவுவதும் காயவைப்பதும்

சேற்று வேலை முடிந்த அன்றோ மறுநாளோ இதைச் செய்துவிட வேண்டும். நெல் காயவைக்கும் சிமெண்ட் களம் கிடைத்தால் அதைவிட நல்ல இடம் இல்லை. டிரம்மை ஃப்ரீயில் போட்டு, ரோப்பை நேராக நடத்தி இழுத்து நீட்டுங்கள். தளர்வாக வளையம் வளையமாக விழவிட்டு, அதை அப்படியே இறுக்கினால் முறுக்கு மடிந்துவிடும். ஒரு முறை மடிந்த இடம் திரும்ப நேரானாலும் பலம் திரும்பாது. கையில் தோல் உறை கட்டாயம். வெறுங்கையோ துணி உறையோ ஆகாது, அறுந்த கம்பி முள் துணியில் மாட்டினால் கையையும் சேர்த்து இழுத்துக்கொண்டு போகும்.

வாளித் தண்ணீர், நைலான் பிரஷ் போதும். கார் கழுவும் பிரஷர் கன்னை ரோப்பில் ஒட்டிப் பிடிப்பது தவறு. வெளியே இருக்கும் சேற்றை அது உள்ளே தள்ளும், கம்பெனியில் உள்ளே வைத்த எண்ணெயையும் துரத்திவிடும். போர் தண்ணீர் உப்பாக இருக்கும் ஊர்களில் வாய்க்கால் தண்ணீரோ மழைத் தண்ணீரோ பிடித்து வைத்துக் கழுவுங்கள். கெட்டியாகப் படிந்த பழைய கிரீஸை மண்ணெண்ணெய் நனைத்த துணியால் துடைக்கலாம். ரோப்பையே டீசலில் ஊறப்போடக் கூடாது. பிறகு கம்பி பிரஷ்ஷைப் புரியின் போக்கிலேயே ஓட்டுங்கள், குறுக்கே தேய்க்காதீர்கள்.

நல்ல வெயிலில் அரை நாள் காய வேண்டும். ஐப்பசி, கார்த்திகையில் வெயில் இல்லாவிட்டால் கொட்டகைக்குள் மரக்கட்டைகளின் மேல் தளர்வாக நீட்டி இரண்டு நாள் விடுங்கள். ஈரத்தோடு எண்ணெய் போட்டால் செய்த வேலை அத்தனையும் வீண்.

எப்படிப் பார்ப்பது, எப்போது கழிப்பது

காய்ந்த ரோப்பின் மேல் ஒரு பழைய பருத்தித் துணியைச் சுற்றிப் பிடித்து, மெதுவாக முழு நீளத்துக்கும் நடந்து போங்கள். நூல் சிக்கும் இடமெல்லாம் கம்பி அறுந்த இடம். சாக்பீஸால் குறித்துக்கொள்ளுங்கள்.

அடுத்து, முறுக்கு நீளம். ஒரு புரி ரோப்பை ஒரு சுற்று சுற்றி மறுபடி அதே பக்கம் வரும் தூரம் அது. 16 எம்எம் ரோப்பில் ஏறக்குறைய 100 மில்லிமீட்டர். ஒரு முறுக்கு நீளத்துக்குள் அங்குமிங்குமாக 6 கம்பி அறுந்திருந்தாலோ, ஒரே புரியில் 3 கம்பி அறுந்திருந்தாலோ அந்த ரோப் கழிக்க வேண்டியது. இரண்டு புரி சேரும் பள்ளத்தில் கம்பி அறுந்திருந்தால் இன்னும் மோசம். மேட்டில் அறுவது பெரும்பாலும் உரசலாலும் வளைவாலும். பள்ளத்தில் அறுவது கோர் தளர்ந்து புரிகள் ஒன்றோடொன்று நசுங்குவதற்கு அடையாளம். ஒன்றிரண்டு தெரிந்தாலே மாற்றிவிடுங்கள்.

விட்டத்தை வெர்னியர் காலிப்பரால் அளக்க வேண்டும். தாடைகள் எதிரெதிர்ப் புரிகளின் மேட்டில் உட்கார வேண்டும், பள்ளத்தில் உட்கார்ந்தால் குறைத்துக் காட்டும். கொக்கியிலிருந்து ஒரு மீட்டரில், நடுவில், டிரம் பக்கத்தில் என்று மூன்று இடமாவது அளந்து, ஒவ்வோர் இடத்திலும் காலிப்பரைக் குறுக்காகத் திருப்பி இரண்டாம் அளவும் எடுங்கள். புது 16 எம்எம் ரோப் 16-க்கும் 16.8-க்கும் இடையில் காட்டும். 15.2-க்குக் கீழே போய்விட்டால் அதன் ஆயுள் முடிந்தது. வெளியே தேயாமல் விட்டம் மட்டும் குறைந்திருந்தால் உள்ளே கோர் போய்விட்டது என்று பொருள்.

உள்துருவைக் கண்டுபிடிக்க எளிய வழி: ரோப்பை இரண்டு கையாலும் பிடித்து, முட்டியில் வைத்து முன்னும் பின்னும் வளையுங்கள், கீழே ஒரு வெள்ளைத் தாள் விரித்து வையுங்கள். புரிப் பள்ளத்திலிருந்து செங்கல் பொடி மாதிரி உதிர்ந்தால் கம்பிகள் உள்ளே ஒன்றை ஒன்று அரைத்துத் துருவாகிக் கொண்டிருக்கின்றன. வளையும்போதே "கரகர" என்று சத்தம் கேட்பதும் அதுவே. அந்த ரோப்பில் எந்த எண்ணெயும் வேலை செய்யாது.

முறுக்கு மடிந்த இடம், புரிகள் விலகிக் கூடை மாதிரி உப்பிய இடம், கோர் வெளியே துருத்திய இடம், வெல்டிங் தீப்பொறியோ தீயோ பட்டு நீலம் பாய்ந்த இடம் இவற்றுக்கு எண்ணிக்கை எதுவும் வேண்டாம், ஒன்று இருந்தாலும் போதும். அந்த இடம் கொக்கியிலிருந்து இரண்டு மூன்று மீட்டருக்குள் என்றால் வெட்டிவிட்டுப் புதுக் கண் (கொக்கி மாட்டும் வளையம்) போடலாம். நடுவில் என்றால் ரோப் இரண்டு துண்டாகிவிட்டது என்றே வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு துண்டைக் கிளிப் போட்டு ஒட்டுப்போடும் பழக்கம் இருக்கிறது. அந்த ஒட்டு டிரம்மில் சுற்றும்போது கீழ் அடுக்கை நசுக்கும், கப்பியில் மாட்டி உதறும். செய்யவே கூடாது.

எண்ணெய்

பழைய இன்ஜின் ஆயிலைத் தயவுசெய்து ஊற்றாதீர்கள். அதில் கரியும் இரும்புத் துகளும் அமிலமும் கலந்திருக்கும், கம்பிக்கு இடையே அரைத்தூள் போட்டதற்குச் சமம். சேசிஸ் கிரீஸும் இதற்கு ஆகாது, அது மேலேயே நின்றுகொண்டு மண்ணை ஒட்டவைக்கும்.

உள்ளே இறங்கும் தன்மையுள்ள வயர் ரோப் ஆயில் கிடைத்தால் அதுவே சிறந்தது. கிடைக்காத ஊரில், அடிக்கடி ஓடும் வண்டிக்குப் புது 30 நம்பர் இன்ஜின் ஆயில் போதும். அதைச் சற்றுச் சூடாக்கினால், கையில் தொடும் சூடு போதும், இளகி உள்ளே இறங்கும். ரோப் வளையும் இடத்தில்தான் புரிகள் லேசாக வாய் திறக்கும், அங்கே ஊற்ற வேண்டும். பெரிய கப்பி ஒன்றின் மேல் ரோப்பை மெதுவாக ஓட்டிக்கொண்டே பிரஷ்ஷால் கொடுத்து, பின்னால் துணியால் மிச்சத்தைத் துடைத்துவிடுங்கள். 60 மீட்டர் 16 எம்எம் ரோப்புக்கு ஒரு லிட்டர் சுமாராகப் போதும். துடைத்த பிறகு கை வைத்தால் எண்ணெய்ப் பசை தெரிய வேண்டும், ஒழுகக் கூடாது.

சேற்றில் இறங்கிய ஒவ்வொரு முறையும் கழுவல், காயவைத்தல், எண்ணெய். இறங்காவிட்டாலும் மாதம் ஒரு முறை, உப்புக் காற்று உள்ள ஊரில் மாதம் இரு முறை. ஐப்பசி மழைக்கு முன் ஒரு முறை முழு நீளமும் டிரம் அடி வரை இறக்கிப் பார்ப்பது அவசியம். அடிச் சுற்றுகள் வருடக்கணக்காக வெளிச்சமே பார்க்காமல் கிடப்பதால் துரு அங்கேதான் முதலில் குடியேறும்.

கொக்கி முனையில் புதுக் கண் போடுவது

அதிகம் அடிபடுவது கடைசி இரண்டு மீட்டர். தொழிற்சாலையில் பிரஸ் வைத்து ஃபெரூல் (உலோகக் குழாய் வளையம்) அடித்த கண் தான் முதல் தேர்வு, ரோப் பலத்தில் 90 சதவீதத்துக்கு மேல் நிற்கும். யு-கிளிப் போட்ட கண் சரியாகப் போட்டால் 80 சதவீதம். தப்பாகப் போட்டால் பாதிகூடத் தேறாது. களத்தில் கைவசம் இருப்பது கிளிப் தான் என்பதால் அதை ஒழுங்காகச் சொல்லிவிடுவோம்.

16 எம்எம் ரோப்புக்கு வேண்டியவை: அடித்துச் செய்த இரும்பில் 16 எம்எம் யு-கிளிப் 4, கனமான திம்பிள் (கண்ணுக்குள் வைக்கும் பள்ளமுள்ள இரும்பு வளையம்) 1, கட்டுக்கம்பி, கிரைண்டர், டார்க் ரெஞ்ச். வார்ப்பிரும்புக் கிளிப் விலை மலிவு, இழுவைக்கு ஆகாது.

வெட்டப் போகும் இடத்துக்கு இரண்டு பக்கமும் கட்டுக்கம்பியால் இரண்டிரண்டு கட்டு போடுங்கள். ஒவ்வொரு கட்டும் ரோப்பின் விட்டம் அளவுக்கு அகலம் இருக்கட்டும். கட்டாமல் வெட்டினால் புரி பிரிந்து முறுக்கு உள்ளே ஓடிவிடும், திரும்ப அடங்காது. கிரைண்டர் டிஸ்க்கால் வெட்டுங்கள், கண்ணுக்குக் கண்ணாடி.

திம்பிளைச் சுற்றி ரோப்பை மடித்தால் வால் பக்கம் 450 மில்லிமீட்டர் திரும்பி இருக்க வேண்டும். கிளிப்பில் இரண்டு பாகம் உண்டு, பல் வெட்டிய அடிக்கட்டை ஒன்று, யு போல்ட் ஒன்று. அடிக்கட்டை எப்போதும் சுமை தாங்கும் நீளப் பக்கத்தில் உட்கார வேண்டும், யு போல்ட் வாலைக் கவ்வ வேண்டும். யு போல்ட் வளைவு ரோப்பைப் பள்ளம் விழ நசுக்கும் என்பதால், அந்த நசுங்கல் வேலை செய்யாத வாலில்தான் விழ வேண்டும். ஒன்றை இப்படியும் அடுத்ததை அப்படியும் மாற்றி மாற்றிப் போட்டால் பார்க்க அழகாக இருக்கும், கண் பலவீனமாகும்.

முதல் கிளிப்பை வால் நுனிக்கு அருகில் போட்டு இறுக்குங்கள். இரண்டாவது திம்பிளை ஒட்டி, அதைக் கையிறுக்கமாக மட்டும். மற்ற இரண்டும் இடையில், கிளிப்புக்குக் கிளிப் 100 முதல் 130 மில்லிமீட்டர். பிறகு ரோப்பை லேசாக இழுத்துத் தொய்வை எடுத்துவிட்டு எல்லா நட்டையும் மாறி மாறிச் சமமாக 130 நியூட்டன் மீட்டர் வரை இறுக்க வேண்டும். டார்க் ரெஞ்ச் இல்லாவிட்டால், 300 மில்லிமீட்டர் கைப்பிடியுள்ள ஸ்பேனரின் நுனியில் ஏறத்தாழ 44 கிலோ பாரம் கொடுப்பது அதற்குச் சமம்.

இத்தோடு முடியவில்லை. முதல் சுமை விழுந்ததும் ரோப் கொஞ்சம் மெலியும், நட்டுகள் தளரும். ஒரு சின்ன இழுவை இழுத்துவிட்டுத் திரும்ப இறுக்குங்கள். கிளிப் போட்ட கண் வழுக்குவது பெரும்பாலும் இந்த இரண்டாம் இறுக்கத்தை விட்டதால்தான்.

கொக்கியையும் இதே கையோடு பார்த்துவிடலாம். புதுக் கொக்கி வாங்கியதும் வாயின் இரு பக்கமும் சென்டர் பஞ்ச் (புள்ளி குத்தும் உளி) கொண்டு ஒரு புள்ளி வைத்து இடைவெளியை எழுதி வைத்துக்கொள்ளுங்கள். அது 5 சதவீதம் விரிந்திருந்தாலோ, கொக்கி பக்கவாட்டில் திருகியிருந்தாலோ மாற்ற வேண்டும். சூடாக்கி வளைத்துச் சரிசெய்வது ஆபத்து, அது உருக்கின் பதத்தையே கெடுக்கும்.

டிரம்மில் சுற்றுவது

ரோப் டிரம்மோடு சேரும் ஆப்போ ஸ்குருவோ சுமை தாங்குவதற்கு இல்லை, ரோப் நழுவாமல் பிடித்து வைக்க மட்டுமே. சுமையைத் தாங்குவது டிரம்மில் மிச்சமிருக்கும் சுற்றுகளின் உராய்வு. எனவே எப்போதும் 5 சுற்றாவது டிரம்மில் இருக்க வேண்டும். அந்த ஐந்தாவது சுற்று முடியும் இடத்தில் ஒரு மீட்டர் நீளத்துக்குச் சிவப்புப் பெயின்ட் அடித்துவிட்டால் இருட்டிலும் டார்ச் வெளிச்சத்தில் தெரியும்.

வலப்புரி ரோப் (புரிகள் வலப்பக்கமாக முறுக்கியது), டிரம்மின் மேற்பக்கமாக வெளியே போகிறது என்றால், டிரம்முக்குப் பின்னால் நின்று ரோப் போகும் திசையைப் பார்த்தபடி இடப்பக்கத் தட்டிலிருந்து சுற்றத் தொடங்க வேண்டும். கீழ்ப்பக்கமாகப் போனால் வலப்பக்கத்திலிருந்து. மாற்றித் தொடங்கினால் சுற்றுகள் ஒன்றை ஒன்று விலக்கி இடைவெளி விடும்.

தளர்வாகச் சுற்றுவதுதான் டிரம்மில் நடக்கும் பெரிய தப்பு. அடி அடுக்கு தளர்ந்திருந்தால், சுமை வந்ததும் மேல் அடுக்கு கத்தி மாதிரி அதற்குள் இறங்கி இரண்டையும் நசுக்கும். சமதளத்தில் இன்னொரு வண்டியை நியூட்ரலில் வைத்து, லேசாகப் பிரேக் பிடித்தபடி அதை இழுத்துக்கொண்டே சுற்றுங்கள். அரை டன் முதல் ஒரு டன் இழுவை போதும். டிரம்முக்கு ஒரு மீட்டருக்குள் கை போகக் கூடாது. சுற்றை நகர்த்த வேண்டுமானால் வின்ச்சை நிறுத்திவிட்டு மரக்கட்டையால் தட்டி நகர்த்துங்கள்.

ரோப்பைக் காப்பாற்றும் இழுவைக் கணக்கு

சக்கரம் அளவுக்குச் சேற்றில் புதைந்த வண்டியை இழுக்க அதன் முழு எடைக்குச் சமமான இழுவை வேண்டும். மட்கார்டு வரை புதைந்தால் இரண்டு மடங்கு, கேபின் வரை என்றால் மூன்று மடங்கு. ராணுவ மீட்பு வேலையில் பின்பற்றும் கணக்கு இது. 8 டன் டயர் அறுவடை இயந்திரம் மட்கார்டு வரை போயிருந்தால் 16 டன் வேண்டும்.

வின்ச்சில் எழுதியிருக்கும் டன் முதல் அடுக்குக்கு மட்டும். 200 மில்லிமீட்டர் டிரம்மில் 16 எம்எம் ரோப் மூன்றாம் அடுக்கில் இருந்தால் 8 டன் வின்ச் 6 டன் சொச்சம்தான் இழுக்கும். ஒரு ஸ்நாட்ச் பிளாக் (பக்கம் திறந்து ரோப்பை மாட்டும் கப்பி) போட்டு ரோப்பை இரட்டித்தால் உராய்வு போக 11 டன் அளவுக்கு வரும். மீதி 5 டன்னை ரோப்பிடம் கேட்காமல் மண்வெட்டியிடம் கேளுங்கள். சக்கரத்துக்கு முன்னால் சரிவாக வெட்டி, பின்பக்கம் தண்ணீரும் காற்றும் இறங்க வழி விட்டால் களிமண்ணின் உறிஞ்சல் விடும். பிறகு பனங்கட்டை, வைக்கோல் கற்றை போட்டு இழுத்தால் கணக்கே மாறிவிடும்.

இழுவை வராதபோது பி.டி.ஓ. ஷாஃப்டின் (இன்ஜின் சக்தியை வின்ச்சுக்குக் கொண்டுபோகும் தண்டு) ஷியர் பின் (சுமை மீறினால் அறுவதற்கென்றே வைத்த ஆணி) அறுவது வின்ச்சையும் ரோப்பையும் காப்பாற்றத்தான். அதற்குப் பதில் ஹைடென்சைல் (அதிக பலமுள்ள) போல்ட்டைச் செருகினால் அடுத்து அறுவது ரோப்பாக இருக்கும். வண்டிக்குரிய பின்னையே நான்கைந்து வாங்கிக் கேபினில் வையுங்கள்.

ரோப்பை மரத்தைச் சுற்றி அதன்மேலேயே கொக்கி மாட்டாதீர்கள், ஒரே இழுவையில் மடிப்பு விழும். அகலமான பெல்ட்டும் ஷேக்கிளும் (யு வடிவ இணைப்பு வளையம்) வேண்டும். தென்னையை நம்பிக் கட்டுவதும் சரியல்ல. அதற்கு ஆணிவேர் கிடையாது, 2018 நவம்பர் 16-இல் கஜா புயலில் தோப்புத் தோப்பாகச் சாய்ந்ததை இந்தப் பகுதி பார்த்திருக்கிறது. சாலையோரப் புளியமரத்தின் அடிப்பகுதியில், தரையை ஒட்டிக் கட்டுங்கள்.

இழுக்கும்போது ரோப்பின் நடுவில் ஈரச் சாக்கு இரண்டைத் தொங்கவிடுங்கள், அறுந்தால் வீச்சைத் தாழ்த்தும். வேடிக்கை பார்க்க ஊரே வரப்பில் கூடிவிடும். வெளியே விட்டிருக்கும் ரோப்பின் நீளம் எவ்வளவோ அவ்வளவு தூரம் எல்லாரையும் தள்ளி நிறுத்திய பிறகே கிளட்சில் கால் வையுங்கள். இறுகிய ரோப்பைத் தாண்டுவது, அதன் மேல் கால் வைப்பது, கப்பியில் வளைந்து போகும் ரோப்பின் உள்கோணத்தில் நிற்பது யாருக்கும் அனுமதி இல்லை, வண்டிச் சொந்தக்காரருக்கும்.

கழித்த ரோப்பைப் பழைய இரும்புக் கடைக்கு முழுச் சுருளாகப் போடாதீர்கள். யாராவது வாங்கிப் போர்வெல் மோட்டார் இறக்கவோ படகு இழுக்கவோ கட்டுவார்கள். ஒவ்வொரு மீட்டருக்கும் கட்டு போட்டு, கிரைண்டரால் துண்டு துண்டாக வெட்டிய பிறகு எடை போடுங்கள்.